பழைய மோட்டார் ஹாரனை மீண்டும் ஒலிக்கச் செய்வது எப்படி

மோட்டார் சுழன்று, பற்சக்கரம் தகட்டைத் தட்டி, புனல் வழியே கரகரப்பான ஓசையை எழுப்பும் பழைய மின் ஹாரன் ஒன்று கைக்கு வந்துவிட்டால், உடனே அதைப் பேட்டரியில் இணைத்துக் கேட்டுப் பார்க்கத் தோன்றும். அந்த ஆசையைச் சற்று அடக்கிக்கொள்வது நல்லது. பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த ஹாரனில் கிரீஸ் பிசின்போல் இறுகி, மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் அசையாமல் பிடித்திருக்கக்கூடும். அசையாத மோட்டாருக்குள் மின்சாரம் பாயும்போது, சுழற்சியால் எழ வேண்டிய எதிர் மின்னழுத்தம் எழாததால், சுருளின் மிகக் குறைந்த மின்தடை ஒன்றே மின்னோட்டத்துக்குத் தடையாக நிற்கும். நூறாண்டு வயதான பருத்தி உறையும் வார்னிஷும் அந்தச் சூட்டில் கருகினால், ஹாரனின் மிக அரிய பகுதியை, அதாவது அசல் சுருளை, இழந்துவிடுவோம்.

இந்த வகை ஹாரனை உருவாக்கியவர் அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்த மில்லர் ரீஸ் ஹட்சிசன். காது மந்தமானவர்களுக்கான மின் கருவியை அதற்கு முன்பே உருவாக்கியிருந்த அவர், மெல்லிய தகட்டை மின்சாரத்தின் துணையால் அசைப்பதில் நன்கு தேர்ந்தவர். நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க்கில் இருந்த லவல்–மெக்கானல் நிறுவனம் 1908-இல் உரிமையைப் பெற்று, கிளாக்சன் என்ற பெயரில் ஹாரன்களை விற்கத் தொடங்கியது. மிச்சிகனின் ஜாக்சன் நகரில் ஸ்பார்க்ஸ்–விதிங்டன் நிறுவனம் ஸ்பார்ட்டன் என்ற பெயரில் தன் மின் ஹாரன்களைச் செய்தது. அதுவரை வண்டிகளில் பெரும்பாலும் இருந்தது, ரப்பர் பந்தை அமுக்கி ஊதும் குழல்தான்.

வேலையைத் தொடங்கும் முன் கையில் இருப்பது எந்த வகை என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பக்கத்தில் கைப்பிடியோ மேலே அமுக்குத் தண்டோ இருந்தால், அது மின்சாரம் இல்லாமல் கையால் இயங்கும் வகை; அதிர்தகடும் பற்சக்கரமும் பற்றி இங்கே சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும். பின்புறம் உருளை வடிவில் மோட்டார்க் கூடு புடைத்திருந்தால், இந்தக் கட்டுரை முதன்மையாகப் பேசும் வகை. மோட்டாரே இல்லாமல் மின்காந்தமும், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனைகளும் மட்டும் இருந்தால் அது அதிர்வு ஹாரன். நான்காவதாக ஒன்றும் உண்டு. ஃபோர்டு மாடல் டி காரில் 1915 முதல் வந்த ஹாரன், இஞ்சினின் பறப்புச் சக்கரத்தில் பொருத்திய 16 காந்தங்கள் உண்டாக்கும் மாறுமின்னோட்டத்தில் இயங்கியது. இஞ்சின் ஒரு முறை சுற்றினால் 8 மின்னலைகள் பிறக்கும். இஞ்சின் வேகம் ஏற ஏற ஹாரனின் சுருதியும் ஏறும். அதில் தொடுமுனைகள் இல்லாததால், பேட்டரியில் இணைத்தால் ஒரு சொடுக்குச் சத்தம் மட்டுமே கேட்கும். அதைப் பழுதென்று எண்ணிப் பிரித்துப் போட்டுவிடக் கூடாது.

இனி மோட்டார் ஹாரனின் வடிவமைப்பைப் பார்ப்போம். டயாஃப்ரம் எனப்படும் வட்டமான எஃகு அதிர்தகடு, விளிம்பு முழுவதும் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். அதன் நடுவே கடினப்படுத்திய எஃகுக் குமிழ் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். மோட்டாரின் தண்டில் உள்ள பற்சக்கரம் சுழலும்போது, ஒவ்வொரு பல்லும் அந்தக் குமிழைத் தள்ளிவிட்டு நழுவும். சீப்பின் பற்களில் நகத்தை ஓட்டும்போது எழும் ஓசையும் இதே வகையில்தான் பிறக்கிறது. சக்கரத்தில் 10 பற்கள் இருந்து, மோட்டார் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுவதாகக் கொண்டால், விநாடிக்கு 50 சுற்று, அதாவது 500 தட்டு. சுருதியைத் தீர்மானிப்பது இந்த எண்ணிக்கைதான். பொத்தானை அமுக்கியதும் மோட்டார் நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிப்பதால் ஓசை கீழிருந்து மேலேறுகிறது. விட்டதும் வேகம் குறைந்து இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம் வடிவமைப்பிலேயே உள்ள குணம், பழுதல்ல. ஆக, மோட்டாரின் பணி சீராகச் சுழல்வது மட்டுமே. ஒலி பிறக்கும் இடம் பல்லும் குமிழும் சந்திக்கும் அந்த ஒரே புள்ளி. ஹாரனைச் சீர்செய்வதில் நாம் செய்யும் எல்லா வேலையும் அந்தப் புள்ளியைச் சரியான இடத்தில் நிறுத்துவதற்காகவே.

பிரிக்கும்போது, புனலுக்கும் உடலுக்கும், உடலுக்கும் மோட்டார்க் கூட்டுக்கும் இடையே ஊசிமுனையால் மெல்லிய கோடு போட்டுக்கொண்டால், திரும்பப் பூட்டும்போது திசை மாறாது. அதிர்தகட்டின் இரு பக்கமும் கேஸ்கெட் எனப்படும் இடைத்தாள் வளையம் இருந்தால், அவை கிழிந்திருந்தாலும் எறிந்துவிடாமல், தடிப்பை மைக்ரோமீட்டரால் அளந்து எழுதி வையுங்கள். பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. சக்கரத்தின் பக்கம் உள்ள கேஸ்கெட் தூசியையும் நீரையும் தடுப்பதோடு நில்லாமல், சக்கரத்துக்கும் குமிழுக்கும் உள்ள தூரத்தையும் நிர்ணயிக்கிறது. அந்த இடத்தில் தடிப்பான ரப்பரை வைத்துவிட்டு, பிறகு எவ்வளவு திருகினாலும் ஓசை வரவில்லை என்று தவிப்பதில் பயனில்லை. ரப்பருக்கு இன்னொரு குறையும் உண்டு: அது அதிர்வை உறிஞ்சிவிடும். பழைய அளவுக்கு ஒத்த தடிப்பில் கெட்டியான கேஸ்கெட் தாளையே வெட்டிக்கொள்ள வேண்டும். பழைய கேஸ்கெட்டில் கல்நாரும் பழைய பெயின்டில் ஈயமும் இருக்கக்கூடும் என்பதால், எதையும் உலர்ந்த நிலையில் சுரண்டாமல் நனைத்தே எடுக்க வேண்டும்.

மோட்டாரில் முதலில் பார்க்க வேண்டியது தண்டு. மண்ணெண்ணெய் இட்டு ஊறவிட்டு, கையால் மெல்லச் சுழற்றினால் இறுகிய கிரீஸ் இளகும். சுருளில் மண்ணெண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; பழைய வார்னிஷை அது கெடுக்கலாம். தண்டு தடையின்றிச் சுழன்ற பிறகு, அதைத் தாங்கும் உலோக வளையங்களான புஷ்களில் அது பக்கவாட்டில் ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பற்சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் இடம் மாறித் தட்டும். எவ்வளவு சரிசெய்தாலும் குரல் நடுங்கும். இதற்குப் புது வெண்கல புஷ் கடைந்து போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆர்மேச்சருக்கு மின்சாரம் செல்லும் செம்புத் துண்டு வளையமான கம்யூட்டேட்டரை மிக மெல்லிய உப்புத்தாளால் சுத்தம் செய்ய வேண்டும். எமரித் தாளைத் தொடவே கூடாது. அதன் துகள்கள் செம்புத் துண்டுகளின் இடுக்கில் தங்கினால், அங்கே மின்சாரம் கசியும். இடுக்குகளில் சேர்ந்த கரித்தூளை மரக்குச்சியால் நீக்கிவிடுங்கள். கம்யூட்டேட்டரைத் தொட்டு மின்சாரம் தரும் கரித்துண்டுகளான பிரஷ்கள் தம் கூட்டுக்குள் தடையின்றி நகர்கின்றனவா, ஸ்பிரிங்குகள் அவற்றைச் சீராக அழுத்துகின்றனவா என்று பார்த்த பின், மல்டிமீட்டரால் இரண்டு சோதனைகளைச் செய்ய வேண்டும்: தண்டைச் சுழற்றும்போது சுருளின் வழியே மின்தொடர்பு எங்கும் அறுபடக் கூடாது, சுருளுக்கும் இரும்பு உடலுக்கும் இடையே, எர்த்துக்காக, அதாவது மின்சாரம் உடலின் வழியே பேட்டரிக்குத் திரும்புவதற்காக, வேண்டுமென்றே இணைத்த இடத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், தொடர்பே இருக்கக் கூடாது.

பெரும்பாலான இந்த மோட்டார்களில் அசையாமல் நிற்கும் சுருளான ஃபீல்டு காயிலும் ஆர்மேச்சரும் தொடராக இணைந்திருக்கும். இதனால் நேர்முனை எர்த் உள்ள வண்டியானாலும் எதிர்முனை எர்த் உள்ள வண்டியானாலும் மோட்டார் ஒரே திசையில்தான் சுழலும். வெளிக் கம்பிகளை மாற்றிப்போட்டாலும் திசை மாறாது. ஆனால் காயிலை மறுபடி சுற்றியவர் அதன் இரு முனைகளை மாற்றிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் ஓடும். சாய்ந்த பற்கள் உள்ள சக்கரத்தில் அது குமிழையும் பற்களையும் தின்றுவிடும். எனவே பிரிக்கும் முன்பே பற்களின் தேய்மானம் எந்தப் பக்கம் பளபளக்கிறது என்று குறித்துக்கொள்வது அவசியம்.

அதிர்தகட்டை வெளிச்சத்தின் முன் பிடித்து, குமிழைச் சுற்றியும் விளிம்பை ஒட்டியும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல் விட்ட தகட்டில் ஈயப்பற்று வைத்தால் எடை கூடி ஒலி மந்தமாகும், விரிசலும் நிற்காது. அதே தடிப்புள்ள வில் எஃகுத் தகட்டில் புதிதாக வெட்டுவதே சரி. மேலோட்டமான துருவை எண்ணெயும் மெல்லிய எஃகு இழையும் கொண்டு துடைத்தால் போதும். பளபளப்புக்காகத் தகட்டைத் தேய்த்து மெலியச் செய்வதை நான் ஏற்பதில்லை. தடிப்புக் குறைந்தால் அதன் விறைப்பு மாறும், விறைப்பு மாறினால் குரலும் மாறும். குமிழின் முகத்தில் பள்ளம் விழுந்திருந்தால், அதைச் சிறிது சுழற்றிப் புதிய பகுதி பற்களின் எதிரே வரும்படி பொருத்த முடிகிறதா என்று பாருங்கள். சில வடிவங்களில் முடியும்.

தகட்டைத் திரும்பப் பூட்டும்போது, ஸ்க்ரூக்களை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் முதலில் இறுகினால் தகடு நெளிந்து, எவ்வளவு சரிசெய்தாலும் இரைச்சல் நீங்காது. குமிழிலும் பற்களிலும் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவி, புஷ்களுக்குச் சில சொட்டு எண்ணெய் விட்டபின், சரிசெய்யும் வேலைக்கு வரலாம். அதற்கு முன் காதுக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். மூடிய அறையில் இந்த ஓசை காதுக்குக் கேடு.

ஹாரனின் அடித்தாங்கியை வைஸில் பிடித்து, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரையும் ஃபியூஸையும் இடையே வைத்து, அது எந்த மின்னழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதோ அதே பேட்டரியில் இணைக்க வேண்டும். அக்காலத்தில் 6 வோல்ட்டே பெரும்பான்மை என்றாலும், 1914-இல் வெளிவந்த டாட்ஜ் காரைப் போல 12 வோல்ட் வண்டிகளும் இருந்தன. பெரும்பாலும் மோட்டாரின் பின்முனையில், நகராமல் பூட்டும் லாக் நட்டுடன் ஒரு ஸ்க்ரூ இருக்கும்; அது தண்டை முன்னே தள்ளிச் சக்கரத்தைக் குமிழுக்கு அருகே கொண்டுவரும். லாக் நட்டைத் தளர்த்தி, சக்கரம் குமிழைத் தொடாத அளவுக்கு ஸ்க்ரூவைப் பின்வாங்கி, ஒரே ஒரு நொடி மின்சாரம் கொடுங்கள். மோட்டாரின் சீறல் மட்டும் கேட்க வேண்டும். சுமையில்லாத தொடர்ச்சுற்று மோட்டார் கட்டுமீறி வேகமெடுக்கும் என்பதால், இந்த நிலையில் அதிக நேரம் ஓட விடக் கூடாது.

இப்போது ஸ்க்ரூவை எட்டில் ஒரு பங்குச் சுற்று உள்ளே திருகி, ஒரு நொடி அமுக்கிக் கேளுங்கள். முதலில் விட்டு விட்டுத் தட்டும் ஓசை வரும். அடுத்து மெலிந்த கீறல் ஓசை. மேலும் திருகும்போது ஓரிடத்தில் குரல் சட்டென்று விரிந்து, புனல் முழுவதும் நிறையும். அங்கே நிறுத்த மனம் இருக்க வேண்டும். இன்னும் திருகினால் சில கணம் சத்தம் கூடியதாகத் தோன்றும். ஆனால் பற்கள் குமிழை விட்டு நழுவ முடியாமல் உரச, மோட்டாருக்குச் சுமை ஏறி, சுருதி தாழ்ந்து, அம்மீட்டரின் முள் உயரும். அது சத்தமல்ல, தேய்மானம். முள் விறுவிறுவென உயரத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஸ்க்ரூவை நிறுத்தி, ஸ்க்ரூ டிரைவரால் அது நகராமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போதே ஸ்க்ரூ சிறிது நகரும் என்பதால், மறுபடியும் கேட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பின்முனை ஸ்க்ரூ இல்லாத வடிவங்களில் இதே நெருக்கத்தை மெல்லிய தகட்டு வளையங்களைக் கூட்டியோ குறைத்தோ பெறலாம். பொறுமை கூடுதலாக வேண்டும், முறை ஒன்றுதான்.

மோட்டார் இல்லாத அதிர்வு ஹாரனில் வேலை சுருக்கம். மின்காந்தம் தகட்டை இழுக்கும்போது தொடுமுனைகள் பிரிந்து மின்சாரம் அறுபடும். தகடு திரும்பியதும் மீண்டும் சேரும். தொடுமுனைகளின் கரியை மெல்லிய அரத்தால் நீக்கி, பொறியை அடக்க அவற்றுக்குக் குறுக்கே வைத்த மின்தடையோ கண்டென்சரோ உயிருடன் இருக்கிறதா என்று பார்த்து, சரிசெய்யும் ஸ்க்ரூவை மிகச் சிறிய அளவில் திருகினால் போதும்.

வண்டியில் பொருத்தும்போது கம்பியின் தடிமனில் சிக்கனம் கூடாது. 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடும் கம்பியின் மின்தடை 0.1 ஓம் என்றால் 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். அது மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. மேசையில் முழங்கிய ஹாரன் வண்டியில் முனகுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பழைய பொத்தானின் வழியே முழு மின்னோட்டமும் போகாமல் இருக்க சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்சான ரிலே ஒன்றை மறைவாக வைப்பதை நான் ஆதரிக்கிறேன், ஏனெனில் அது அசல் பொத்தானைக் காக்கும், எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். எர்த் இணைப்பு படும் இடத்தில் பெயின்டை நனைத்துச் சுரண்டி வெறும் உலோகத்தை வெளிக்கொணர்ந்து இறுக்குங்கள். புனலின் வாய் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் மழைநீர் அதிர்தகட்டில் தேங்காது. ஓட்டத்தில் பேட்டரிக்கு ஜெனரேட்டர் மின்னூட்டும்போது மின்னழுத்தம் சற்று உயர்ந்திருக்கும் என்பதால், இஞ்சினை ஓடவிட்டு இன்னொரு முறை ஹாரனை ஒலித்து, தேவைப்பட்டால் ஸ்க்ரூவை ஒரு நூலளவு பின்வாங்கி லாக் நட்டை இறுக்கிவிடுங்கள்.