கிளாட் தகட்டு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே ஜேக்கப்ஸ், மொபேனி, பிராஸ்பெக்டன் பக்கத்துப் பட்டறைகளில் கொதிகலனும் அழுத்தக் கலனும் வெப்பப் பரிமாற்றியும் செய்து பிழைப்பவர்களில் நம்மவர்கள் பலர் உண்டு. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கென்று கப்பலேறி வந்தவர்களின் வழியில் வந்த பிள்ளைகள், பின்னாளில் அந்தக் கரும்பைப் பிழியும் ஆலைகளின் இயந்திரங்களைச் செப்பனிடுபவர்களாகவும், எண்ணெய், காகித, இரசாயன ஆலைகளுக்குக் கலன் கட்டுபவர்களாகவும் ஆனார்கள். வெல்டிங் ஆய்வாளனாக அவர்களோடு வேலை செய்த அனுபவத்தில், கிளாட் தகட்டில் திரும்பத் திரும்ப நடக்கும் சில தவறுகளை இங்கே எழுதுகிறேன். இந்தத் தகடு விலை மிகுந்தது. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியது. ஒருமுறை கெடுத்துவிட்டால் அடுத்த தகட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

கிளாட் தகடு என்பது இரு வேறு உலோகங்கள் பசையோ ஆணியோ இல்லாமல் முழுப் பரப்பிலும் ஒன்றோடொன்று பிணைந்த ஒரே தகடு. அழுத்தத்தைத் தாங்கக் கீழே கார்பன் எஃகும், அரிப்பைத் தாங்க மேலே ஸ்டெயின்லெஸ் எஃகு, நிக்கல் கலப்புலோகம், டைட்டானியம் அல்லது செம்பும் இருக்கும். 30 மி.மீ. எஃகின் மேல் 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் போர்த்தினால், முழுத் தடிமனையும் ஸ்டெயின்லெஸில் வாங்கும் செலவு மிச்சமாகும். இதை முலாம் என்று நினைப்பது முதல் தவறு. தென்னாப்பிரிக்காவில் 1990-களில் வந்த பழுப்பு நிற ஒரு சென்ட் நாணயத்தின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஏனென்றால் உள்ளே இருப்பது எஃகு, மேலே இருப்பது மெல்லிய செம்பு முலாம். முலாம் மைக்ரான் கணக்கில் இருப்பது. கிளாட் அடுக்கு மில்லிமீட்டர் கணக்கில் இருப்பது. ஆகவே அதை வளைக்கலாம், வெல்டிங் செய்யலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி முறை உண்டு.

தவறுகளில் பாதி, தகடு பட்டறைக்கு வருவதற்கு முன்பே, வாங்கும் கடிதத்திலேயே நடந்துவிடுகின்றன. இரண்டு உலோகங்களின் பெயரையும் மொத்தத் தடிமனையும் மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள். கலனுக்குள் என்ன திரவம், அதில் குளோரைடு எவ்வளவு, எத்தனை டிகிரியில் ஓடும், தகட்டை எப்படி வளைக்கப் போகிறோம், வெல்டிங்குக்குப் பின் உலையில் சூடேற்றப் போகிறோமா என்பவற்றைச் சொல்லாமல் விட்டால், தகடு செய்பவர் தமக்குத் தோன்றியதைச் செய்து அனுப்புவார். குளோரைடு கலந்த வெந்நீர் சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில், 304 அல்லது 316 வகை ஸ்டெயின்லெஸ் இழுவிசையோடு சேர்ந்து வெடிப்பு விடக்கூடும். அங்கே வேறு உலோகத்தையே யோசிக்க வேண்டும். தடிமனிலும் ஒரு சூட்சுமம் உண்டு. '3 மி.மீ. கிளாட்' என்று மட்டும் எழுதினால் அது சற்றுக் கூடவோ குறையவோ இருக்கக்கூடிய பெயரளவுத் தடிமனாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். கிண்ண வடிவ மூடியாக அழுத்தும்போது வளைவில் அது இன்னும் மெலியும். 'வளைத்து முடித்த பின்பும் எந்த இடத்திலும் இதற்குக் குறையக்கூடாது' என்று குறைந்த அளவை எழுத்தில் கேட்பதே சரி.

இணைக்கும் முறையையும் நாமே யோசித்துக் கேட்க வேண்டும். சூடேற்றி உருளைகளுக்கிடையே அழுத்திச் செய்யும் தகடு, பெரிய பரப்புக்கும் மெல்லிய தகட்டுக்கும் ஏற்றது. வெடிமருந்தால் மேல் தகட்டைக் கீழ்த் தகட்டின் மேல் மோதவைத்து இணைக்கும் முறை, தடித்த தகடுகளுக்கும், டைட்டானியம்போல எஃகோடு உருக்கிச் சேர்க்க முடியாத உலோகங்களுக்கும் ஏற்றது. அந்த இணைப்பைக் குறுக்கே வெட்டி மெருகேற்றிப் பார்த்தால் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகளைப் போன்ற தடம் தெரியும். குழாய் வாய், வளையம் போன்ற சிறு பகுதிகளுக்கு வெல்டிங்கால் மேலே உலோகம் படியவைப்பதே போதும். ஸ்டெயின்லெஸ் கிளாட்டுக்கான ஏ.எஸ்.டி.எம். ஏ264 என்ற அமெரிக்கத் தரத்தின்படி, இரண்டு அடுக்குகளும் பிரியாமல் தாங்க வேண்டிய வெட்டு வலிமை குறைந்தது 140 மெகாபாஸ்கல். அந்தச் சோதனையின் முடிவு தகட்டோடு வரும் சான்றிதழில் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.

இனி வெல்டிங். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில், 316எல் (கார்பன் குறைந்த 316 வகை ஸ்டெயின்லெஸ்) போர்த்திய கலனின் நீளவாக்கு மூட்டில், வெடிப்புகளுக்குள் இறங்கி அவற்றைக் காட்டும் ஊடுருவு சாயம் தெளித்துச் சோதித்தோம். வெள்ளைப் பூச்சு உலர்ந்த சில நிமிடங்களில், மூட்டின் நடுவே ஊசியால் கீறியதுபோலச் சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக மேலெழுந்தன. வெல்டர் இளைஞர், கெட்டிக்காரர்தான். "அண்ணா, மூணு மில்லிதானே, எஃகுக் குச்சியாலேயே மேலே வரைக்கும் மூடிட்டேன்" என்றார். கார்பன் எஃகு வெல்டிங் குச்சி ஸ்டெயின்லெஸை உருக்கித் தன்னோடு கலந்தால், குளிரும்போது அந்தக் கலவை கண்ணாடிபோல் கடினமாகி வெடிக்கும். ஒரு நாள் வேலையைக் குடைந்தெடுத்துச் சரிசெய்ய நான்கு நாள் ஆயிற்று.

முறையான வழி இது: மூட்டின் இரு ஓரத்திலும் மேல் அடுக்கைச் சில மில்லிமீட்டர் அகலத்துக்குச் சீவியெடுத்துவிட்டு, எஃகை எஃகுக் குச்சியால் எஃகுப் பக்கத்திலிருந்தே நிரப்ப வேண்டும், அந்த உலோகம் போர்வை அடுக்கைத் தொடக்கூடாது. பிறகு உட்புறத்தில், எஃகோடு கலந்து நீர்த்துப்போனாலும் தாங்கும்படி குரோமியமும் நிக்கலும் கூடுதலாக உள்ள 309எல் வகைக் குச்சியால் ஓர் இடையடுக்கு இட வேண்டும். 316எல் போர்வைக்கு மாலிப்டினம் சேர்ந்த 309எல் நல்லது. அதன் மேலேதான் போர்வைக்கு ஏற்ற கடைசி அடுக்கு. சீவிய இடத்தில் ஸ்டெயின்லெஸ் முழுதாக நீங்கிவிட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. மயில்துத்தக் கரைசலைத் துணியில் தொட்டுத் தடவினால் போதும்: எஃகு தெரியும் இடமெல்லாம் செம்பு படிந்து சிவக்கும், ஸ்டெயின்லெஸ் மிச்சமிருக்கும் இடம் வெள்ளையாகவே நிற்கும். சில ரேண்ட் செலவில் முடியும் இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

டைட்டானியம் போர்த்திய எஃகுக்கு இந்த இடையடுக்கு வழியும் உதவாது. டைட்டானியமும் இரும்பும் உருகிக் கலந்தால் நொறுங்கும் சேர்மமே கிடைக்கும். எஃகை மட்டும் வெல்டிங் செய்து, இடைவெளியில் பட்டையொன்றை நிரப்பி, அதற்கு மேலே டைட்டானியப் பட்டையைப் போர்த்தி, அதன் ஓரங்களை டைட்டானியப் போர்வையோடு மட்டும் ஆர்கான் வாயுக் காப்பில் வெல்டிங் செய்ய வேண்டும். பட்டைக்குப் பின்னால் எஃகில் சிறு துளைகள் விடுவது, பிற்காலத்தில் கசிவு இருந்தால் அங்கேயே தெரிவதற்காக. அந்தத் துளைகளைப் பெயிண்ட் அடித்து அடைத்துவிட்ட ஆலைகளும் உண்டு.

வெப்பத்தை மறப்பது அடுத்த தவறு. ஒரு மீட்டர் எஃகு 100 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 1.2 மி.மீ. நீளும், 316 வகை ஸ்டெயின்லெஸ் 1.6 மி.மீ. நீளும். அந்த 0.4 மி.மீ. வேறுபாட்டை இணைப்பே தாங்குகிறது. அடிக்கடி சூடாகிக் குளிரும் கலனென்றால் அதை வடிவமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெல்டிங்கால் கார்பன் எஃகினுள் ஏற்பட்ட இறுக்கம் தளர 600 டிகிரி அளவில் உலையில் வைக்கும் வழக்கம், ஸ்டெயின்லெஸின் அரிப்புத் தாங்கும் குணம் கெடக்கூடிய 425 முதல் 850 டிகிரி வரையிலான எல்லைக்குள்ளேயே விழுகிறது. உலை வேலை இருந்தால், கார்பன் 0.03 விழுக்காட்டுக்கு மிகாத 'எல்' வகையையோ டைட்டானியம் சேர்த்த 321 வகையையோ தொடக்கத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.

கையாள்வதில் நடக்கும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எஃகில் ஓடிய அரைசக்கரத்தை ஸ்டெயின்லெஸ் பரப்பில் வைத்தால், டர்பனின் உப்புக் காற்றில் ஓரிரு நாளிலேயே துருப்புள்ளிகள் பூக்கும். சக்கரமும் கம்பித் தூரிகையும் தனித்தனியே இருக்க வேண்டும். தகட்டைத் தரையில் இழுக்காமல் மரக்கட்டை மேல் வைக்க வேண்டும். கத்தரி இயந்திரத்தில் வெட்டும்போது போர்வைப் பக்கம் மேலே இருக்கட்டும். வந்த தகட்டை மீயொலியால் சோதித்தது போதும் என்று விடாமல், வளைத்த பிறகு வளைவுப் பகுதியை மறுபடியும் சோதிக்க வேண்டும். பிரிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

கப்பல் வேலையில், எஃகு உடலின் மேல் அலுமினிய மேற்கட்டு எழுப்ப, அலுமினியமும் எஃகும் இணைந்த கிளாட் பட்டையை இடையில் வைப்பார்கள். எஃகுப் பக்கத்தை எஃகோடும், அலுமினியப் பக்கத்தை அலுமினியத்தோடும் வெல்டிங் செய்யலாம். ஆனால் இணைப்புக் கோடு 300 டிகிரிக்கு மேல் போனால் அங்கே நொறுங்கும் அடுக்கு வளரத் தொடங்கும். ஆகவே, குறித்த வெப்பத்தில் உருகும் வெப்பக் குச்சியால் அந்தக் கோட்டருகே ஒரு தடம் இழுத்துவிட்டு, தடம் உருகினால் கையை எடுத்து, ஆறிய பிறகே அடுத்த வரியை இட வேண்டும்.