லெபனானில் பணியாற்றும் பிள்ளைக்குத் தளவாடம் போதவில்லை என்றால்: தோட்டக் குடும்பங்கள் கேள்வியை எங்கே, எப்படிக் கேட்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து இராணுவத்தில் சேரும் நம் பிள்ளைகள் மிகச் சிலரே. அதனால் மகன் ஐநா அமைதி காக்கும் பணிக்காக லெபனானுக்குப் புறப்படுகிறான் என்றதும், அவனுக்குக் கொடுத்த கவச உடை பழையதா, புறப்படும் முன் போதிய பயிற்சி கிடைத்ததா என்றெல்லாம் எழும் கவலையை யாரிடம் கொண்டுபோவது என்று சொல்லித்தர, அக்கம்பக்கத்தில் விவரம் தெரிந்த குடும்பம் இருப்பதில்லை. கோவில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் பேசப்பட்டு அந்தக் கவலை அங்கேயே நின்றுவிடுகிறது. பதில் சொல்லக் கடமைப்பட்டவரிடம் அதை ஒரு கேள்வியாகக் கொண்டு சேர்க்கும் வழியை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. பணியில் இருக்கும் வீரர் 1972 ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். 1972 ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டமோ நம் எல்லோருக்கும் பொருந்தும். ஆகவே மகன் அனுப்பிய படங்களையோ, முகாமில் எத்தனை வாகனங்கள் ஓடுகின்றன என்ற விவரத்தையோ வாட்ஸ்அப் குழுக்களில் பகிரவே கூடாது. அது அவனுடைய உயிருக்கும் வேலைக்கும் ஆபத்து. அவனுக்குத் தனிப்பட்ட முறையில் ஏதேனும் குறை இருந்தால், அதை அவனே தன் மேலதிகாரிகள் வழியாக எழுப்ப வேண்டும். குடும்பம் கேட்க வேண்டியது, பொதுப் பணம் எப்படிச் செலவாகிறது என்ற கேள்வியை. அதைக் கேட்பதற்குக் குடிமக்கள் அனைவருக்கும் உரிமை உண்டு.

அடுத்து, பொறுப்பு யாருடையது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். மலேசியப் படை 2007 முதல் தென் லெபனானில் ஐநா அமைதி காக்கும் பணியில் இருந்து வருகிறது. நீலத் தொப்பி அணிந்திருப்பதால் ஐநாவே எல்லாவற்றையும் வாங்கிக் கொடுக்கிறது என்று நினைப்பது தவறு. வாகனம், ஆயுதம், தலைக்கவசம், கவச உடை ஆகியவற்றைப் படை அனுப்பும் நாடுதான் கொண்டுபோகிறது. வீரர்களுக்கும் தளவாடத்துக்கும் நாடு செய்த செலவை ஈடுசெய்யும் ஈட்டுத்தொகையை ஐநா வீரரிடம் கொடுக்காமல் அந்த நாட்டின் அரசாங்கத்திடம் செலுத்துகிறது. 2018 ஜூலையில் ஆள் கணக்கிலான தொகை ஒரு வீரருக்கு மாதம் 1,428 அமெரிக்க டாலராக இருந்தது. வாகனங்களுக்கும் பெரிய கருவிகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. ஐநா ஆய்வாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றைச் சோதித்து, ஒப்பந்தப்படி வராத அல்லது இயங்காத கருவிக்குரிய பணத்தைக் கொடுப்பதில்லை. ஆகவே பழுதான கவச வாகனம் வீரருக்கு ஆபத்தாக இருப்பதோடு நாட்டின் வருமானத்தையும் குறைக்கிறது. உறுப்பு நாடுகள் சந்தாவைத் தாமதமாகக் கட்டும்போது இந்த ஈட்டுத்தொகையும் தாமதமாகிறது. அதுவரை நம் கருவூலமே செலவைத் தாங்க வேண்டியிருக்கிறது.

புறப்படுவதற்கு முந்தைய பயிற்சியும் அனுப்பும் நாட்டின் கடமைதான். பாடத்திட்டத்தை ஐநா தருகிறது. பயிற்சியை நடத்தும் செலவு நம்முடையது. போர்ட் டிக்சனில் உள்ள அமைதி காப்புப் பயிற்சி மையம் இதற்காகவே அமைக்கப்பட்டது.

இனி பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று பார்ப்போம். வரவு செலவுத் திட்டத்தோடு நிதியமைச்சு வெளியிடும் மதிப்பீட்டு நூலில் தற்காப்பு அமைச்சின் எண் 60. அந்த எண்ணுக்கு முன் இரு எழுத்துகளில் ஒன்று வரும்: B (‘பெக்காலான்’) என்பது ஆண்டுதோறும் ஆகும் நிர்வாகச் செலவு, P (‘பெம்பாங்குனான்’) என்பது புதிய தளவாடம் வாங்கும் மேம்பாட்டுச் செலவு. நிர்வாகச் செலவுக்குள் 10000 என்பது சம்பளம், 20000 என்பது சேவையும் பொருள்களும். பராமரிப்பும் உதிரிப்பாகங்களும் இரண்டாவதில் அடங்குகின்றன. மொத்த ஒதுக்கீடு உயர்ந்தது என்ற செய்தியைக் கேட்டு மகிழ்வதற்கு முன், 20000 உயர்ந்ததா என்று பாருங்கள். சம்பளம் பெரும்பங்கை எடுத்துக்கொண்ட பிறகு எஞ்சியதில்தான் டயரும் தோட்டாவும் பயிற்சிப் பயணமும் அடங்க வேண்டும் என்பதால், ஒரு படையின் உண்மையான தயார்நிலையை அந்த ஒரு வரியே அதிகம் சொல்கிறது என்பது என் கருத்து.

புதிய தளவாடம் அறிவிக்கப்பட்டால் அது கைக்கு வந்துவிட்டதாகவும் எண்ணக்கூடாது. கடற்படைக்கு ஆறு போர்க்கப்பல்கள் கட்டும் 900 கோடி ரிங்கிட் திட்டத்தில் 608 கோடி செலுத்தப்பட்ட பிறகும் ஒரு கப்பல்கூட ஒப்படைக்கப்படவில்லை என்று நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2022 ஆகஸ்டில் வெளிப்படுத்தியது. 1993இல் சோமாலியாவின் மொகாடிஷுவில் சிக்கிய அமெரிக்க வீரர்களை மீட்கச் சென்ற நம் கோண்டோர் கவச வாகனங்கள், அதற்குப் பல ஆண்டுகள் கழித்து லெபனானிலும் ஓடின. வாகனம் பழையதா என்று கேட்டால் ‘ஆம்’ என்ற ஒரு சொல்லோடு பதில் முடிந்துவிடும். அது இயங்கும் நிலையில் இருக்கிறதா, அதற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று கேட்டால்தான் கணக்கு வெளிவரும். இதற்குத் துணையாகத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கைகளையும் பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கைகளையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். தகவல் சுதந்திரச் சட்டம் சிலாங்கூரிலும் பினாங்கிலும் மாநில அளவில் இருந்தாலும், அது மத்திய அமைச்சைக் கட்டுப்படுத்தாது. எனவே நாடாளுமன்றமே நமக்கு முதன்மையான வாயில்.

‘எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் நல்ல சாமான் கொடுப்பதில்லை?’ என்ற கேள்வியில் வலி இருக்கிறது. ஆனால் அமைச்சர் அதை ஒரு பொதுவான உறுதிமொழியால் கடந்துவிடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கடந்த மூன்று ஆண்டுகளில் லெபனான் படைக்காக ஐநாவிடமிருந்து பெறப்பட்ட ஈட்டுத்தொகை ஆண்டுவாரியாக எவ்வளவு, இயங்காத கருவிகளால் குறைக்கப்பட்ட தொகை எவ்வளவு, புறப்படும் முன் பயிற்சிக்குச் செலவிட்டது எவ்வளவு என்பதைத் தற்காப்பு அமைச்சர் தெரிவிப்பாரா?’ இதில் இடமோ வாகன எண்ணிக்கையோ இல்லை. ஆதலால் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுப்பது கடினம். மகனின் பெயரும் படைப்பிரிவும் கண்டிப்பாக இடம்பெறக் கூடாது.

இதை மலாயில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எழுதத் தயங்கும் பெற்றோருக்கு இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளே உதவலாம். நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் நேரில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழிப் பதிலுக்கான கேள்விகள் நேரமின்மையால் சபையில் எட்டப்படாமல் போவதுண்டு. ஆகவே எழுத்துப்பூர்வ பதில் கோரும்படி கேட்பது நல்லது. வரவு செலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகி, பின்னர் அமைச்சு வாரியாகக் குழுநிலையில் விவாதிக்கப்படுவதால், செப்டம்பருக்குள் கடிதம் சேர்ந்துவிட வேண்டும்.

லெபனான் பணியை 2026 டிசம்பர் 31 வரை மட்டுமே நீட்டிப்பதென்று ஐநா பாதுகாப்பு மன்றம் 2025 ஆகஸ்டில் முடிவெடுத்தது. படை திரும்பினாலும் கணக்குகள் அத்தோடு முடிவதில்லை. வரவேண்டிய ஈட்டுத்தொகை எவ்வளவு, திரும்பிவரும் வாகனங்களைச் சீர்செய்ய எந்த ஒதுக்கீடு என்ற கேள்விகளை அதன் பிறகும் கேட்கலாம். பதில் வந்ததும், கேட்ட தொகைகள் ஒவ்வொன்றும் தரப்பட்டுள்ளனவா என்று உங்கள் நகலோடு ஒப்பிடுங்கள். விடுபட்டதை மட்டும் தனியே எழுதி, அதே உறுப்பினரிடம் அடுத்த கூட்டத்தொடருக்கு மறுபடியும் கொடுங்கள்.