மொத்தத்தை லோக்கல் மாறியில் கூட்டுங்க

திருப்பூர் நிட்டிங் யூனிட்டுக்கு, துணி ரோல் எடைகளைக் கூட்டும் சி ஃபங்ஷன் ஒன்று எழுதுறீங்கன்னு வைங்க. எடைகள் கிராமில், இன்ட் (முழு எண்) வரிசையாக இருக்கு. மொத்தமும் இன்ட் பாயின்டர் (மெமரி முகவரி) வழியே வருது. லூப்புக்குள் அந்த பாயின்டரிலேயே நேராகக் கூட்டினால், கம்பைலர் (கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் புரோகிராம்) பெரும்பாலும் ஒவ்வொரு ரோலுக்கும் மொத்தத்தை மெமரியில் எழுதும். ஏன்னா வரிசையும் மொத்தமும் ஒரே டைப். மொத்தம் அந்த வரிசைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாமே!

மொத்தம் டபுள் (தசம எண்) ஆக இருந்தால், இன்ட்டும் டபுளும் ஒரே இடத்தில் இருக்காது என்று நம்பி, ரெஜிஸ்டரிலேயே (பிராசஸருக்குள் இருக்கும் வேகமான இடம்) வைத்துக் கூட்டிவிட்டுக் கடைசியில் ஒருமுறை எழுதும். ஜிசிசி கம்பைலரில் இந்த அனுமானம் ஓ2 ஆப்டிமைசேஷன் நிலையிலேயே வேலை செய்யும்.

இதுக்காக டைப்பை மாத்த வேண்டாம். லோக்கல் மாறியில் கூட்டி, லூப் முடிந்ததும் பாயின்டரில் போடுங்க. பாயின்டர்கள் ஒரே இடத்தைத் தொடாது என்று கம்பைலருக்கு வாக்குக் கொடுக்கும், சி99-இல் வந்த ரெஸ்ட்ரிக்ட்டும் உதவும், ஆனால் இரண்டும் உண்மையிலேயே ஒரே இடத்தைத் தொட்டால் விடை தப்பாகலாம்.

தராசு அனுப்பும் பைட்டுகளிலும் ஒரு சிக்கல். கேரக்டர் பாயின்டர் எந்த டைப்பையும் தொடலாம். 8 பிட் அன்சைன்ட் டைப்பும் வழக்கமாக கேரக்டர் டைப்தான். அதில் எழுதியதும், வெளியே தெரியும் மற்ற மதிப்புகளைக் கம்பைலர் திரும்ப லோட் செய்யும்.

தராசு ஒரு எடையை 4 பைட்டாக அனுப்பினால், அதை இன்ட் பாயின்டராக காஸ்ட் செய்து (டைப்பை மாற்றி) படிக்காதீங்க. ஆப்டிமைசேஷன் இல்லாத ஓ0-வில் சரியாக வரும் எடை, ஓ2-வில் கன்னாபின்னான்னு வரலாம். பைட்டுகளை இன்ட் மாறிக்குள் நகலெடுக்கும் மெம்காப்பி போதும்; ஓ2-வில் கம்பைலர் அதை வழக்கமாக ஒரே லோடாகச் சுருக்கிடும்.