உண்ணிச்செடியை எடுக்கும் முறை: சேர்வராயன் அடிவாரத் தன்னார்வலர்களுக்கு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையின் இருபுறமும் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும் உண்ணிச்செடியை இம்மண்ணின் செடி என்றே பலரும் எண்ணுகிறார்கள். அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த அச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்து அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. உசிலை, வெப்பாலை, விராலி ஆகிய நாட்டுச்செடிகள் வளர வேண்டிய சரிவுகளில் இன்று அது புதராக அடைத்துக்கொண்டு, கீழே விழும் விதைகளுக்கு வெயில் எட்டாதபடி செய்கிறது. மாடு தின்றால் அதன் கல்லீரல் கெடும். கோடையில் காய்ந்த புதர், தரையில் ஊரும் தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடுகிறது.

காப்புக்காடாக இருந்தால் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இன்றி ஒரு கிளையைக்கூட ஒடிக்கக் கூடாது. பூங்காவும் ஏரிக்கரையும் மாநகராட்சி, ஊராட்சி போன்றவற்றின் பொறுப்பில் இருக்கும். எது யாருடையது என்பதை முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றுவதற்கென்று தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையை வெளியிட்டுள்ளது. விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடுவது நல்லது.

எங்கே தொடங்குவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நாங்களும் தவறினோம். முதல் ஆண்டில், அடிவாரத்துச் சரிவொன்றில் புதர் மிக அடர்ந்திருந்த இடத்தையே தேர்ந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முழுவதையும் வெட்டித் தள்ளினோம். அடுத்த மழையில் மேல்மண் கரைந்து ஓடியது. வெற்றிடம் முழுவதும் உண்ணி நாற்றுகள் பாய் விரித்தாற்போல் முளைத்தன. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1960களில் புதர்க்காட்டை மீட்ட ஜோன், ஐலீன் என்னும் பிராட்லி சகோதரிகள் கைக்கொண்டது இதற்கு நேர்மாறான வழி. நாட்டுச்செடிகள் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் தொடங்கி, அங்கே ஊடுருவிய களையை மட்டும் நீக்கி, நாட்டுச்செடிகள் பரவும் வேகத்துக்கு ஏற்பவே களைக்காட்டை நோக்கி நகர வேண்டும். மண்ணை இயன்றவரை கிளறக் கூடாது. நம் சரிவுகளுக்கும் இதுவே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளாகவும், காய்கள் பழுத்துக் கறுக்காத நேரமாகவும் பார்த்து இறங்குங்கள். முழுக்கைச் சட்டை, கனத்த கையுறை, கணுக்கால் மறைக்கும் காலணி ஆகியவை கட்டாயம். கை வைக்கும் முன் நீண்ட கழியால் புதரைத் தட்டுங்கள்; விரியனும் தேளும் அடியில் ஒதுங்கியிருக்கும், குளவிக்கூடும் தொங்கலாம். பறவைக்கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தப் புதரை அப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

செடியை அடையாளம் காண்பதில் அவசரம் வேண்டாம். உண்ணியின் தண்டு நான்கு பட்டையாக, பின்நோக்கி வளைந்த சிறு முட்களோடு இருக்கும். இலை சொரசொரப்பாக இருக்கும், கசக்கினால் காட்டமான நெடி மூக்கில் ஏறும். இந்தக் குறிகள் பொருந்தாத எதையும் பிடுங்காதீர்கள். புதருக்கு அடியில் விரல் உயரத்தில் புளியிலை போன்ற சிற்றிலைகளோடு ஓர் உசிலைக் கன்று வெளிறி நிற்கக்கூடும். நாம் செய்யும் வேலையெல்லாம் அதற்காகத்தான். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு வெள்ளைத் துணி கட்டிவிட்டால் யாரும் மிதிக்க மாட்டார்கள்.

தண்டை மேலே வெட்டினால் அடிக்கட்டை முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் சூழலியலாளர் பேராசிரியர் சி. ஆர். பாபுவின் குழுவினர் கையாண்ட முறையே எங்களுக்குக் கைகொடுத்தது. மண்மட்டத்துக்குக் கீழே மூன்று முதல் ஐந்து செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, புதரை அப்படியே தூக்கி, வேர்ப்பகுதி வானம் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். ஒருவர் கவைக்கழியால் கிளைகளை ஒதுக்கிப் பிடிக்க, மற்றவர் மண்வெட்டியால் வெட்டினால் எளிது. அடிக்கட்டை ஈரமண்ணில் பட்டுக் கிடந்தால் மீண்டும் வேர் பிடித்துவிடும். பழம் இருந்தால் முதலில் கிளைகளோடு நறுக்கிச் சாக்கில் கட்டிவிடுங்கள். எந்த நிலையிலும் அங்கேயே தீ மூட்டாதீர்கள்.

எடுத்த இடத்துக்கு ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திரும்பி வர வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளாவது இது தொடர வேண்டும். சாண் உயரம் எட்டாத நாற்றுகள் ஈரமண்ணிலிருந்து வேரோடு கையிலேயே வந்துவிடும். உண்ணிப்பழத்தைத் தின்ற கொண்டைக்குருவிகள் கிளைகளில் அமர்ந்து எச்சமிடுவதால், வெட்டவெளியைவிட மர நிழலில்தான் நாற்றுகள் நிறைய முளைக்கும். ஆகவே தேடலை மரத்தடியிலிருந்து தொடங்குங்கள்.