நல்ல சிப்பா, குளிர்ந்த அறையா? ஓவர்கிளாக் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் சித்தப்பா மகனும் நானும் ஆளுக்கொரு ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு வைத்திருக்கிறோம். அதை விற்ற வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். அவன் அதற்கான ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கோர் கிளாக்கை, அதாவது சிப்பின் வேகத்தை, +150 மெகாஹெர்ட்ஸ் வரை ஏற்றியும் கேம் நிற்காமல் ஓடுகிறது. பிரிக்பீல்ட்ஸில் என் அறையில் +90-ஐத் தாண்டினாலே திரை கறுத்துவிடும். "அண்ணே, உங்க சிப் சுமார்தான்" என்றான். நானும் நம்பிவிட்டேன். கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்குப் போய்க் கார்டை மாற்றலாமா என்றுகூட யோசித்தேன். அந்த யோசனைக்குள்ளேயே இரண்டு பெரிய தவறுகள் இருந்தன.

முதல் தவறு, கூட்டும் எண்ணை வைத்து ஒப்பிட்டது. +150 என்பது கார்டின் வேகம் இல்லை. ஏற்கெனவே இருக்கும் வேகத்தின் மேல் எவ்வளவு சேர்த்தோம் என்பதுதான். அவனுடையது சாதாரண 3080, பெட்டியில் எழுதியிருக்கும் பூஸ்ட் வேகம் 1710 மெகாஹெர்ட்ஸ். என்னுடையது தயாரிப்பாளரே ஏற்றி விற்ற கார்டு, 1800. கூட்டிப் பாருங்கள்: அவனுக்கு 1860, எனக்கு 1890. 'சுமார்' என்று பெயர் வாங்கிய கார்டுதான் மேலே நிற்கிறது! இந்தக் கணக்கும் முழுக் கணக்கு ஆகாது. 2012-இல் ஜிடிஎக்ஸ் 680 கார்டுடன் ஜிபியு பூஸ்ட் என்ற வசதி வந்ததிலிருந்து, வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும்வரை கார்டு பெட்டியில் எழுதிய எண்ணையும் தாண்டித் தானாகவே மேலே போகும். ஓடும்போது எந்த வேகத்தில் நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தவறு நம் ஊருக்கே உரியது. அவன் சோதித்தது இரவு பதினொரு மணிக்கு, ஏர்கோன் ஓடும் அறையில். நான் சோதித்தது மேல்மாடியில், காற்றாடிக் காற்றில், மதியம் இரண்டு மணிக்கு. வெளியே 33 டிகிரி. இந்தத் தலைமுறை என்விடியா கார்டுகள் சூடு ஏற ஏற வேகத்தை 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாகக் குறைத்துக்கொண்டே போகும். அதனால் காலையில் கார்டு குளிர்ந்திருக்கும்போது ஆஃப்டர்பர்னரில் வரையும் வளைகோடு (எந்த வோல்டேஜில் எந்த வேகம் என்று காட்டும் கோடு), அரை மணி நேரம் விளையாடிய பிறகு அதே இடத்தில் இருக்காது. கார்டை நன்றாகச் சூடாக்கிவிட்டு, அப்புறம் வளைகோட்டில் கை வையுங்கள்.

சரி, இரண்டு சிப்களை எப்படித்தான் ஒப்பிடுவது? வோல்டேஜைக் கட்டிப் போட வேண்டும். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலும் எஃப்-உம் சேர்த்து அழுத்தினால் வளைகோடு திறக்கும். 0.900 வோல்ட் புள்ளியைப் பிடித்து, அதற்கு வலப்பக்கம் கோட்டைத் தட்டையாக்கிவிடுங்கள். அந்த வோல்டேஜில் எத்தனை மெகாஹெர்ட்ஸ் வரை கலங்காமல் ஓடுகிறது என்பதே சிப்பின் தரம். இப்படிச் செய்யாவிட்டால் 3080-இன் 320 வாட் வரம்பு குறுக்கே வந்துவிடும். கனமான கேமில் கார்டு வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் அந்த வரம்பில் முட்டியதால்தான். அதைப் பார்த்துச் சிப்பைக் குறை சொல்வது நியாயமில்லை.

கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் முன்பு வந்த 'ஏசிக் தரம்' சதவீதத்தை இன்னும் சிலர் தேடுகிறார்கள். அது என்விடியாவின் பழைய மேக்ஸ்வெல் தலைமுறைக் கார்டுகளோடு முடிந்துவிட்டது. சிப்புக்குள் வீணாகக் கசியும் மின்சாரத்தைக் காட்டும் எண் அது. இத்தனை சதவீதம் இருந்தால் இத்தனை வேகம் வரும் என்று அப்போதும் அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். சிப்கள் நம் கைக்கு வருவதற்கு முன்பே தரம் பிரிக்கப்பட்டுவிடுகின்றன. இன்டெல்லும் ஏஎம்டியும் பினாங்கில் கால் வைத்தது 1972-இல். அன்றிலிருந்து பாயான் லெப்பாஸில் சிப்களைப் பொருத்திச் சோதிக்கும் வேலையில் நம் குடும்பங்களிலும் பலர் இருந்திருக்கிறார்கள். ஒரே சிலிக்கன் தகட்டில் வெட்டிய சிப்கள்கூட ஒன்றுபோல் இருக்காது என்பது அவர்களுக்குப் பழகிய செய்தி. கிராபிக்ஸ் சிப்களிலும் அதே கதைதான். 3090, 3080 இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஜிஏ102 என்ற ஒரே வடிவமைப்பு. ஒன்றில் 10496 கோர்கள் திறந்திருக்கும், மற்றதில் 8704. பெரிய பிரிப்பெல்லாம் அங்கேயே முடிந்துவிடுவதால், ஒரே மாடலுக்குள் மிஞ்சும் வித்தியாசம் சின்னதுதான்.

மெமரி விஷயத்தில் ஏமாறுவது ரொம்ப எளிது. கோர் வேகம் மீறினால் கேம் நின்று நமக்குத் தெரிந்துவிடும். 3080-இல் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி அப்படிக் காட்டிக்கொடுக்காது. பிழை வந்தால் அதே தரவை மறுபடி அனுப்பச் சொல்லி ஓடிக்கொண்டே இருக்கும். திரையில் ஒரு புள்ளிகூடக் கெடாது, ஆனால் வேகம் குறையும். "+1200 போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர் பல நேரம் +800-இல் கிடைத்ததைவிடக் குறைவாகத்தான் வாங்கிக்கொண்டிருப்பார். நூறு நூறாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) மதிப்பெண்ணைத் தாளில் எழுதுங்கள். மதிப்பெண் இறங்கத் தொடங்கும் இடத்திலிருந்து ஓரிரு படி பின்வாங்குங்கள். மெமரியின் வெப்பத்தையும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பாருங்கள். 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துவிடும். கோர் 70 டிகிரியில் இருப்பதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

சோதிப்பதற்கு ஃபர்மார்க் என்ற சுமைச் சோதனை மட்டும் போதும் என்று நினைப்பதும் தவறு. அது கார்டை மின் வரம்பில் முட்ட வைப்பதால் வேகம் கீழேயே கிடக்கும். நீங்கள் ஏற்றிய மேல்வேகம் சோதிக்கப்படவே இல்லை. 3டிமார்க் மென்பொருளின் டைம் ஸ்பை ஸ்ட்ரெஸ் டெஸ்ட் 20 சுற்று ஓடும், ஃபிரேம் வேகம் 97 சதவீதம் நிலைத்திருந்தால் தேர்ச்சி. அதற்குப் பிறகு ரே டிரேசிங் என்ற கனமான ஒளிக் கணக்கு உள்ள கேம் ஒன்றை ஒரு மணி நேரம் விளையாடுங்கள். கனமான காட்சியில் தாங்கிய கார்டு கேமின் மெனுவில் விழுவதும் உண்டு. சுமை குறையும்போதுதான் வேகம் உச்சிக்குப் போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பியை அவன் கார்டோடு வீட்டுக்கு வரச் சொன்னேன். ஒரே கணினி, ஒரே டிரைவர், ஒரே காற்றாடி, 0.900 வோல்ட். மாலை ஆறு மணி வரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். என் கார்டு 1890-இல் நின்றது, அவனுடையது 1905-இல். அவன் சிப்தான் நல்லது, ஒரே ஒரு படி. கேமில் அது ஒரு ஃபிரேம்கூடத் தரவில்லை. வோல்டேஜ் குறைந்தால் சூடும் குறையும் என்பதால், அவன் அதே 0.900 வோல்ட் அமைப்பைத் தன் கார்டில் சேமித்துக்கொண்டு செந்தூலுக்குக் கிளம்பினான். இரவு ஃபோன் செய்தான்: "அண்ணே, ஃபேன் சத்தமே இல்ல."