புரியாத பேச்சு, கசியும் ஓசை: ஒலியைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபங்களில் பேச்சு புரியவில்லை என்றால் முதலில் நடப்பது மிக்சரில் வால்யூமை ஏற்றுவதுதான். அதனால் நிலைமை துளியும் மாறாது. டைல் தரை, பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை மூன்றும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கை மட்டுமே உறிஞ்சும். மிச்சமெல்லாம் மண்டபத்துக்குள்ளேயே திரும்பும். ஸ்பீக்கரிலிருந்து சில மீட்டர் தள்ளிப் போனதுமே, நேராக வரும் குரலைவிட இந்தத் திரும்பிவரும் முழக்கம் ஓங்கிவிடும். வால்யூமை ஏற்றினால் குரலும் முழக்கமும் ஒரே அளவில் ஏறும். ஓர் எழுத்து அடங்குவதற்குள் அடுத்த எழுத்து அதன்மேல் விழுவது தொடரும்.

கணக்குப் போட்டால் இது தெளிவாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபின் கண்ட வாய்பாடு இது: கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் (விழும் ஒலி முழுவதையும் விழுங்கும் எத்தனை சதுர மீட்டருக்குச் சமம் என்ற அளவு) வகுத்தால், ஒலி 60 டெசிபல் தணிய எத்தனை நொடி ஆகும் என்று தெரியும். 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள மண்டபத்தின் கன அளவு 1,200 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்ந்து 800 சதுர மீட்டர். இவை உறிஞ்சுவது ஏறத்தாழ 20 சதுர மீட்டருக்குச் சமம். ஆக, காலி மண்டபத்தில் முழக்கம் 9 நொடிக்கு மேல் நீடிக்கும். திறந்த ஜன்னல் தன்மேல் விழும் ஒலி முழுவதையும் வெளியே விட்டுவிடும்; 20 சதுர மீட்டர் ஜன்னல்களைத் திறந்தால் 5 நொடிக்குச் சற்றுக் குறையும். ஆளுக்கு அரை சதுர மீட்டர் என்று 100 பேர் வந்து அமர்ந்தால் 2 நொடி. பேச்சு தெளிவாக விழ 1 நொடிதான் இருக்கலாம். அதற்கு இன்னும் 100 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு வேண்டும். கூரையில் பாதியை 50 மில்லிமீட்டர் ராக்வூல் (கல்லிழைப் பஞ்சு) பலகையால் மூடினால் அது கிடைத்துவிடும். ஓரத்தில் நாலு திரைச்சீலை கட்டியும் பலனில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த அளவைக் கவனிக்க வேண்டும். பலகையைக் கூரையோடு ஒட்டாமல் 50 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். அதே பலகை இன்னும் தாழ்ந்த சுருதிகளையும் உறிஞ்சும். பின்சுவரையும் வெறுமையாக விடக்கூடாது. மேடைக் குரல் அங்கே பட்டு முன்வரிசைக்குத் திரும்ப ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி பிந்தும். அது தனி எதிரொலியாகவே காதில் விழும்.

நடுவில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கரை வைத்துவிட்டு டிலே (ஒலியைச் சற்றுப் பிந்தவிடுவது) கொடுக்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 12 மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரை 35 மில்லிநொடி பிந்தவிட்டு, கூட ஒரு 10 மில்லிநொடி சேர்த்தால், குரல் மேடையிலிருந்தே வருவதுபோல் கேட்கும். இதே வேகத்தை வைத்துத்தான் இடியின் தூரத்தையும் கணிக்க வேண்டும். நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று எண்ணுவது ஆபத்தான தவறு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 9 நொடி என்றால் மின்னல் விழுந்தது 3 கிலோமீட்டரில்!

வீட்டுக்கு வருவோம். பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் உறுமி மேளம் பழக வேண்டும் என்று சுவரெல்லாம் ஃபோம் ஒட்டுகிறார்கள், முட்டைத் தட்டு ஒட்டுகிறார்கள். உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. ஃபோம் அறைக்குள் முழக்கத்தைக் குறைக்கும். சுவரைத் தாண்டும் ஒலியை நிறுத்தாது. முட்டைத் தட்டு அதைக்கூட உருப்படியாகச் செய்யாது, போதாததற்கு எளிதில் தீப்பிடிக்கும். தடுக்க எடையும் இறுக்கமும் வேண்டும். சுவரின் எடையை இரட்டித்தால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். ஆனால் இடுக்கு ஒன்று இருந்தால் அத்தனை செலவும் வீண். 35 டெசிபல் தடுக்கும் கதவின் அடியில் 10 மில்லிமீட்டர் சந்து இருந்தால், அது தடுப்பது 23 டெசிபல் மட்டுமே. பழைய வரிசை வீடுகளில் நாக்கோ ஜன்னலும் (கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய ஜன்னல்) அதற்கு மேலுள்ள காற்றுத் துளைக் கற்களும் இதைவிடப் பெரிய ஓட்டைகள். பணம் குறைவென்றால் ஃபோமை விட்டுவிட்டு முதலில் இவற்றை அடைத்துவிடுங்கள். அறைக்குள் காற்று வர வேறு வழி செய்துகொள்ளுங்கள்.

உறுமியின் தாழ்ந்த ஓசை அப்போதும் முழுதாக அடங்காது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டர். ஆள் உயரச் சுவரை அது வளைந்து கடந்துவிடும். 3,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் 12 சென்டிமீட்டர்தான் என்பதால் சுவருக்குப் பின்னே நிழல் விழும். நெடுஞ்சாலையோரத் தடுப்புச் சுவரும் இப்படித்தான். 15ஆம் மாடியிலிருந்து சாலை கண்ணுக்குத் தெரிகிறது என்றால், அந்த வீட்டுக்கு அந்தச் சுவர் இருந்தும் இல்லாததே. ஒற்றை வரிசை மூங்கில் பார்வையை மறைக்கும், ஒலியை மறைக்காது.

திறந்தவெளி விழாக்களில் செய்யும் தவறு இன்னும் நுட்பமானது. மாலை 4 மணிக்கு அளவைச் சரிபார்த்துவிட்டு, இரவு 11 மணிக்கும் அதே அளவில் ஓடவிடுகிறார்கள். பகலில் தரையோரக் காற்று சூடு. ஒலி மேல்நோக்கி வளைந்து தூரத்து வீடுகளைத் தொடாமல் போகும். மேகமில்லாத, காற்று அசையாத இரவில் தரை குளிர்ந்துவிடும். மேலே உள்ள வெதுவெதுப்பான காற்றில் ஒலி வேகமாகப் போவதால் கீழ்நோக்கி வளைந்து தூரத்துத் தாமானில் இறங்கும். பினாங்குக் கரையில் கடற்காற்று வீசும்போதும் இதே கதைதான். காற்று ஒலியை அள்ளிக்கொண்டு போகிறது என்பார்கள். நொடிக்கு 5 மீட்டர் காற்று 349 மீட்டர் வேக ஒலியை அள்ள முடியாது. தரையோரம் மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசுவதால், காற்று போகும் பக்கம் ஒலி கீழே வளைகிறது, எதிர்ப்பக்கம் மேலே வளைகிறது. ஆகவே இரவு 9 மணிக்கு மேல், காற்று போகும் திசையில் உள்ள கடைசி வீட்டு வேலியருகே நின்று கேட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரைக் கூட்டத்தை நோக்கிச் சாய்த்து, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஓசையைக் குறைத்து, பிறகு மறுபடி அங்கே போய்க் கேளுங்கள்.