பின்னலை முதலில் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள்

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கையடக்க எக்ஸ்ரே கருவியைச் சுமந்து போவது என் வேலை. மார்புப் படத்தைப் பார்த்து, காசநோய்ச் சாயல் எவ்வளவு என்று மடிக்கணினியிலுள்ள மென்பொருள் மதிப்பெண் போடும். 15 வயது நிரம்பியவர்களிடம் நோயைத் தேட இம்முறையைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. அதற்கும் சின்னப் பிள்ளைகளை இதன் முன் நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மென்பொருள் வாங்கும்போதே, இணையம் இல்லாமல் ஓடுமா என்று கேளுங்கள். தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருக்கும் பள்ளங்களில் சிக்னலைத் தேடி மேடேறுவதற்குள் பாதிப் பேர் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். குளிரில் வந்த கருவியை அடுப்பெரியும் அறைக்குள் வைத்ததும் இயக்காதீர்கள். வியர்க்கும். மூடியபடியே சற்று நேரம் விட்டுவிடுங்கள்.

இனி, ஆளை நிறுத்துவது. மார்பு, படம் பதியும் தட்டில் ஒட்டியிருக்க வேண்டும். கைகள் இடுப்பில், தோள்கள் முன்னால் வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காது. ஸ்வெட்டர், சங்கிலி, ஊக்கு எல்லாம் கழற்றப்பட்டிருக்கட்டும். கர்ப்பமா என்று பெண்களைத் தனியே கேளுங்கள்; கூட்டத்தில் கேட்டால் பதில் வராது.

சென்ற ஆண்டு ஓர் அக்கா வந்தார். இருமல் இல்லை, எடை குறையவில்லை, மதிப்பெண் மட்டும் நூற்றுக்கு 68. வலது நுரையீரல் உச்சியில் கயிறு போல ஒரு நிழல். அவர் முகம் வெளுத்துவிட்டது. உற்றுப் பார்த்தேன்: குளித்து ஈரம் காயாத தடித்த பின்னல், தோளின் மேல் கிடந்திருக்கிறது. கொண்டையாக முடியச் சொல்லி மறுபடி எடுத்தேன். 9. கதிரைத் தேவையில்லாமல் இரண்டு முறை வாங்கினார், தவறு என்னுடையது.

மதிப்பெண் சொல்வது ஒன்றுதான்: யாரிடம் சளி வாங்க வேண்டும். எந்த எண்ணுக்கு மேல் வாங்குவது என்பதை உங்கள் மாவட்டக் காசநோய்ப் பிரிவோடு பேசி முடிவு செய்யுங்கள். அந்த எண்ணைத் தாழ்த்தினால் ஆய்வகம் திணறும், உயர்த்தினால் நோயாளி தப்பிவிடுவார். பழைய காசநோய் ஆறிய தழும்புக்கும் எண் எகிறும் என்பதால், முன்பு மருந்து சாப்பிட்டதுண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எண் குறைவாக இருந்தாலும், இரண்டு வாரமாக இருமுகிறவரைச் சளி கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். இதில் மட்டும் நான் கணினியின் பேச்சைக் கேட்பதே இல்லை.

சளியை வெட்டவெளியில் துப்பச் சொல்லுங்கள். எச்சில் வேண்டாம், நெஞ்சிலிருந்து காறி வர வேண்டும். பெயரைக் குப்பியின் உடம்பில் அழியாத மையால் எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறும். ஒட்டிய சீட்டோ, எங்கள் மூடுபனியில், குப்பி ஏற்றிய பஸ் ஊட்டி சேர்வதற்குள் உரிந்துவிடும்.